மஜ்ஜையும் மூன்று ஓலையும்

மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வாய் மட்டும் போதும், கருத்து கூடாது என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். எண்பதுகளின் பின்பாதி, பல்கலைக்கழக விடுமுறை, குழந்தைகள் புற்றுநோய் வார்டு. ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் நம்பர் கூப்பிடக் காத்துக் கிடந்தவர்களே, அங்கே வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கா தெரியாது?

யாருக்கு மொழிபெயர்ப்பு?

ஸ்டெல்லாவுக்கு எட்டு வயது. அப்பா அந்தோணி செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். அவளுக்கு நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய், அதிலும் அபூர்வமான வகை. டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார்: மருந்தில் இப்போது அடங்கியிருக்கிறது, ஆனால் திரும்ப வரும், அதற்குள் கூடப்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜையை எடுத்து ஏற்ற வேண்டும்.

"புள்ள முன்னாடி சொல்லாதீங்கம்மா" என்று அந்தோணி கெஞ்சினார். தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்க் கிசுகிசுத்தேன். அழுதார். திரும்பி வந்தால், இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்கும் ஸ்டெல்லா கலர் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "டாக்டர் சொன்னது எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு லா, அக்கா. அப்பாவுக்குத்தான் மெதுவாச் சொல்லணும்."

பொருத்தம்

ஸ்டெல்லாவின் அக்கா பிலோமினாவின் ரத்தம் பொருந்தியது. அவளுக்கு இருபத்திரண்டு வயது, என் வயதுதான். ஆனால் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து ஊருக்குக் கல்யாணத்தை அறிவிக்க வேண்டும், முதல் ஓலை அந்த வாரம். மாப்பிள்ளையின் அம்மா வார்டுக்கே வந்துவிட்டார். முதுகெலும்பில் ஊசி போட்டால் பிள்ளை தங்காதாம். தாலி ஏறட்டும், அப்புறம் பார்க்கலாமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடுப்பது முதுகில் இல்லை, இடுப்பெலும்பில். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் தானே ஊறிவிடும். பிள்ளைப்பேறுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "எல்லாம் சரிம்மா. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

கையெழுத்து

பிலோமினாவை கேன்டீனில் மடக்கினேன். "நீ மேஜர். அப்பா, மாமியார் யாரையும் கேட்க வேண்டாம், நீயே கையெழுத்துப் போடலாம்" என்று அரை மணி நேரம் உரிமை பேசினேன். அவள் மைலோவை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. "போட்டுட்டு எந்த வீட்டுக்குப் போறது, சொல்லு?" என்றாள்.

மூன்றாம் ஓலை

மூன்றாவது ஓலை வாசித்த மறுநாள் ஸ்டெல்லாவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. பிலோமினா ஓடிவந்து, "இப்பவே எடுத்துக்கச் சொல்லு, கல்யாணம் கெடக்கு!" என்று என் கையைப் பிடித்தாள். நோய் மறுபடி அடங்காமல் ஏற்ற முடியாது என்றார் டாக்டர். அது அடங்கவில்லை. கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள், அடக்கத்துக்காக.

அந்தோணியிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன், வார்த்தை பிசகாமல். கல்லறையிலிருந்து திரும்பும்போது அவர் என்னிடம் கேட்டார்: "இவ்வளவு அவசரம்னு யாருமே சொல்லலையேம்மா?"

தேக்காவில்

ஆறேழு மாதம் கழித்துத் தேக்கா மார்க்கெட்டில் பிலோமினாவைப் பார்த்தேன். மாமியார் மீன்காரரிடம் பேரம் பேச, இவள் கூடையோடு நின்றாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொலைத்தேன். "அவங்க ஆசப்பட்ட மாதிரியே இருக்கேன். ஒடம்புல ஒரு ஊசித் தழும்புகூட இல்ல" என்றாள்.

அந்த விடுமுறை முழுக்க எல்லா வாதத்திலும் ஜெயித்தவள் நான்தான், யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாமல்.