காருக்குள் விளக்குப் பார்த்த மாரி

நனைந்த றெக்சின் சீற்றின் மணமும் பெற்றோல் மணமும் சேர்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காருக்குள் மூச்சு முட்டும். மழை கூரைத் தகட்டில் கொட்டும். எனக்கு முன்னால் தூக்கி நிறுத்திய எஞ்சின் மூடியான பொனற், உலகம் முழுவதையும் மறைத்துக்கொண்டு நிற்கும். போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பி வந்தபின் இரண்டாவது மாரிகாலம் அது. எனக்குப் பத்து வயது. முகாமில்கூட விளையாடப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மார்கழி விடுமுறையில் நான் காருக்குள் தனியே அடைபட்டுக் கிடந்தேன்.

அப்பா அந்தப் பழைய காரை வாடகைக்கு ஓட்டினார். வருத்தம், பிள்ளைப்பேறு என்று எங்கள் பக்கத்தில் யாரையாவது கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால், அதை விட்டால் உழவு இயந்திரப் பெட்டிதான். அந்த மாரியில் காருக்கு ஒரு கோளாறு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் செத்துப்போகும். எஞ்சின் நிற்கும், லைற் எரியாது, ஹோர்ன்கூட அடிக்காது. பிறகு ஐந்து நிமிடத்திலோ அரை மணித்தியாலத்திலோ, யாரும் ஒன்றும் செய்யாமலே உயிர் வரும். கராஜுக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் காட்டாது. "இஞ்சை வந்தவுடனை சுகமாகிற வருத்தத்துக்கு நான் என்ன மருந்து குடுக்கிறது" என்று கராஜ்காரர் மூன்றாம் முறையும் சொன்னதோடு, அப்பா தானே கண்டுபிடிப்பதென்று முடிவெடுத்தார்.

சாவியை ஒரு திருப்புத் திருப்பினால், எஞ்சின் ஓடாமலே, ஸ்ரியறிங்குக்குப் பின்னால் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று எரியும். அப்பா பொனற்றுக்குள் தலையை விட்டு வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டுவார். எந்த வயரை ஆட்டும்போது விளக்கு அணைகிறதோ, அதில்தான் கோளாறு. அவர் நின்ற இடத்திலிருந்து விளக்குத் தெரியாது. அதைப் பார்ப்பது என் வேலை.

"எரியுதோ பிள்ளை?"

"எரியுது அப்பா."

காலையில் தொடங்கினால் மத்தியானம் வரைக்கும் இதுதான். கண்ணை எடுக்கக்கூடாது, அணைவது ஒரு நொடியாகவும் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். வாய்க்காலில் பக்கத்து வளவுப் பிள்ளைகள் மீன் பிடிக்கும் சத்தம் கேட்கும். "அவளை இறக்கி விடுங்கோவன்" என்று அம்மா குசினியிலிருந்து சொல்லுவா. "இன்னும் நாலு வயர்தான்" என்பார் அப்பா. எப்போது கேட்டாலும் நாலு வயர்தான்.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, நான் பார்ப்பதை நிறுத்தினேன். பக்கக் கண்ணாடியில் படிந்திருந்த நீராவிப் புகாரில் விரலால் மீன் கீறிக்கொண்டிருந்தேன். "இது பற்றரிப் பக்கம். எரியுதோ?" என்று கேட்டார். "எரியுது" என்றேன். பிறகும் இரண்டு தரம் கேட்டார். மூன்று தரமும் என் கண் மீனில்தான் இருந்தது. "பற்றரிப் பக்கம் பிழை இல்லை" என்று அவர் பொனற்றைச் சாத்த, நான் வாய்க்காலுக்கு ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வளவில் நிறைமாதமாக இருந்த செல்வி அக்காவுக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்து எடுத்தது. மலையகத்திலிருந்து வந்து குடியிருந்த குடும்பம் அவர்களுடையது. செல்வி அக்காவும் அவவின் அம்மாவும் பின்சீற்றில் ஏறினார்கள். வழியில் நின்றால் விளக்குப் பார்க்க என்று அப்பா என்னை முன்னுக்கு ஏற்றினார். இரண்டு பக்கமும் வயல்களை மூடி வெள்ளம் நின்ற ஓரிடத்தில் கார் செத்தது. தெருவில் வேறு வாகனம் இல்லை.

"தம்பி, புள்ளைக்குத் தாங்கல, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்றா அந்த அம்மா.

"பொறுங்கோ அம்மா" என்று சொல்லி அப்பா மழையில் இறங்கினார். நான் விளக்கையே பார்த்திருந்தேன். அது எரியவில்லை. செல்வி அக்கா என் சீற்றின் முதுகைப் பிடித்து இறுக்கும்போதெல்லாம் அந்த இறுக்கம் என் முதுகில் தெரிந்தது. அப்பா பற்றரியை விட்டுவிட்டு மற்றப் பக்கத்து வயர்களில் தேடிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். திறக்காவிட்டால் நாங்கள் எல்லோரும் அந்தக் காருக்குள்ளேயே இருக்கவேண்டியதுதான். செல்வி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அனுங்கினா. நான் கதவைத் திறந்து மழைக்குள் இறங்கினேன்.

"அப்பா, அண்டைக்குப் பற்றரிப் பக்கம் ஆட்டேக்கை நான் விளக்கைப் பாக்கேல்லை."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மழைத்தண்ணீர் அவர் மூக்கால் வழிந்துகொண்டிருந்தது. "ஏறு" என்று மட்டும் சொன்னார்.

ஏறினேன். பற்றரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் கறுப்பு வயரை அவர் பிடித்து அசைத்ததும் விளக்கு எரிந்தது, விட்டதும் அணைந்தது. "அதுதான் அப்பா" என்றேன். கத்தியால் உறையைக் கீறினார். வெளியே புதுசுபோல இருந்த வயருக்குள் செம்புக் கம்பிகள் பச்சை பிடித்து உதிர்ந்திருந்தன. நாலைந்து இழைகள்தான் மிச்சம். பழுதை வெட்டி எறிந்து, நல்ல பகுதியைத் தகட்டோடு சேர்த்து முறுக்கினார். கார் பிடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய கொஞ்ச நேரத்தில் செல்வி அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. இருவரும் சுகம்.

அதைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. விளக்குப் பார்க்க என்னைப் பிறகு கூப்பிடவுமில்லை. கோளாறு தீர்ந்ததால் கூப்பிடவில்லையா, என்னை நம்பாததாலா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் காரை வாசல் படலையடியில் நிறுத்தும் சத்தம் கேட்டாலே எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். அப்படியே வளர்ந்தேன்.

அந்தக் கார் இப்போது இல்லை. இரும்புக்குப் போய்விட்டது. வெள்ளம் நின்ற தெரு உயர்த்தித் தார் போடப்பட்டுவிட்டது. ஒரு தொலைபேசி அழைப்புக்கு அம்புலன்ஸ் வருகிறது. போன மாதம் நெளுக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு அப்பா வந்திருந்தார். எங்கள் காரின் மின்கோளாறு ஒன்றைக் கணினியைச் செருகி ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்ததாக என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா சிரித்தார்.

"எங்கடை காரிலை அந்த வயரை உவள்தான் கண்டுபிடிச்சவள். அப்ப பத்து வயது. ஆரைக் கண்டாலும் நான் சொல்லுறனான்."

கணவர் என் பக்கம் திரும்பி, "உண்மையோ?" என்றார்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்கு அது அப்படித்தான் ஞாபகம் இருந்தது.

"ஓம்" என்றேன்.