எரிந்துபோன பெட்டியில் பவுனம்மாள்

நான் முதல் வகுப்பில் பிறந்தவள். சொன்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் நம்புவதில்லை. என் அம்மா மாரியாயியே "வாயைக் கழுவுடி" என்பாள். ஆனால் அவள்தான் சாட்சி. 1917ஆம் வருஷம் ஒரு காலை, இருபத்தேழாம் நம்பர் முதல் வகுப்பு ரயில் பெட்டியின் தோல் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு வலி கண்டுவிட்டது. இறங்க முடியவில்லை. கூட வேலை செய்த பவுனம்மாள் கதவைச் சாத்தினாள், சன்னல் திரையை இறக்கினாள், என்னை வெளியே எடுத்தாள். பிறகு இருக்கையை மூன்று தடவை கழுவி, மெழுகு தேய்த்து, பதினோரு மணி கிள்ளான் ரயிலில் அந்தப் பெட்டியை அனுப்பியும் வைத்தாள். அன்றைக்கு என் இடத்தில் சாய்ந்துகொண்டு சுருட்டுப் பிடித்த துரை யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

பவுனம்மாளுக்குப் பிள்ளை இல்லை. பெட்டிகள் இருந்தன.

1908இல் ஊரைவிட்டு வந்து கப்பலிறங்கிய அவளுக்கு அப்போது பதினைந்து வயது. சித்தப்பன் ஒருத்தர் பெட்டி கழுவும் வேலையில் சேர்த்துவிட்டார். முதல் நாள் அவள் கையில் வந்தது இருபத்தேழு. தேக்கு மரம், வார்னிஷ் பளபளப்பு, தோல் இருக்கை, கண்ணாடி, கூரையில் எண்ணெய் விளக்கு, தொட்ட இடமெல்லாம் பித்தளை. பித்தளைக்கென்று சீமையிலிருந்து ஒரு டின் மருந்து வந்தது. அதன் வாடை இவளுக்கு ஆகவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். கைப்பிடி தங்கம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் அவசரத்தில் புளியைச் சரியாகக் கழுவாமல் விட்டதில் எறும்பு வந்து, பெட்டாலிங் ஸ்டேஷனில் ஒரு துரைசானி பாவாடையை உதறிக்கொண்டு குதித்தாள். அதற்கப்புறம் பவுனம்மாள் நான்கு தண்ணீர் விட்டுக் கழுவ ஆரம்பித்தாள். புளியை மட்டும் விடவில்லை.

பெட்டியின் கதவில் வகுப்பைக் காட்ட ஒரு செங்குத்துக் கோடு இருந்தது. ஒரு கோடு என்றால் முதல் வகுப்பு. நான் பிறந்து இரண்டு வருஷம் கழித்து, எட்டுச் சக்கரத்தில் மின்சார விளக்கோடு நீளமான புதுப் பெட்டிகள் வந்தன. எங்கள் இருபத்தேழுக்கு நான்கே சக்கரம். தோலைக் கழற்றிப் பிரம்பு போட்டார்கள். பெயிண்டர் கன்னையா வந்து கதவில் இன்னொரு கோடு இழுத்தார். இரண்டாம் வகுப்பு. ஆறு வருஷம் போனது. பிரம்பையும் பிய்த்துவிட்டு வெறும் பலகை அடித்தார்கள். கன்னையா மூன்றாவது கோட்டை இழுத்தார். பவுனம்மாள் வாளியோடு நின்று பார்த்திருக்கிறாள்.

"ஏண்ணே, அடுத்த தடவை எங்க இழுப்பீங்க? கதவுல எடமே இல்லையே?"

"அடுத்த தடவ கோடு இல்ல தங்கச்சி. நெருப்புதான்."

மரப்பெட்டிக்கு வயதானால் செந்தூல் பட்டறைக்கு இழுத்துப்போய் எரித்துவிடுவார்கள். மரம் போய்விடும், இரும்பு மிஞ்சும். அதற்குத்தான் அப்படி.

பெட்டி மூன்றாம் வகுப்பில் ஓடிய கடைசி வருஷம் 1930. அப்போது பவுனம்மாளும் அதில் ஒரு தடவை பிரயாணியாகப் போனாள். கித்தாவுக்கு, அதாவது ரப்பருக்கு, விலை விழுந்து, எல்லா இடத்திலும் ஆட்குறைப்பு. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் இலவசம். அவள் புருஷன் அய்யாவு தண்டவாளக் கட்டை மாற்றும் வேலைக்காரர். முதலில் நான் போய்ப் பார்க்கிறேன், பிறகு உன்னைக் கூப்பிடுகிறேன் என்று மூட்டை கட்டினார். வழியனுப்ப இவளும் கிள்ளான் வரை போனாள். வழி முழுக்க முந்தானையால் சன்னல் விளிம்பைத் துடைத்துக்கொண்டே வந்தாளாம்.

"சும்மா உக்காரேன்டி. இன்னிக்கு நீ டிக்கெட்டுக்காரி."

"அழுக்கா இருக்குங்க."

"மூஞ்சியப் பாத்துப் பேசறதுக்குக்கூட நேரமில்லையா ஒனக்கு?"

அவள் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன்னு தெரியும்டி என்று அம்மாவிடம் ஒரு தடவை சொன்னாள். நான் தூங்குவதுபோல் நடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அய்யாவு கடிதம் போடவில்லை. நீயும் கப்பலேறிப் போயேன் என்று லயத்துப் பெண்கள் சொன்னபோது, "அங்க போயி எதைத் தொடைக்கறது?" என்று கேட்டாள்.

லயத்து அறை அய்யாவு பேரில் இருந்தது. ஒன்றரை வருஷம் யாரும் கேட்கவில்லை. 1932இல் ரயில்வேக்காரர்கள் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். பவுனம்மாள் சட்டி பானையைத் தூக்கினாள். எங்கள் அறையில் ஏற்கெனவே எட்டுப் பேர். ஒன்பதாவதாக ஒருத்தி படுக்க வேண்டுமென்றால் நான் சுவரில் ஆணி அடித்துத் தொங்க வேண்டும். அவள் யாரிடமும் கேட்காமல் நேராக யார்டின் கோடிக்குப் போனாள். அங்கே தண்டவாளம் முடிகிற முட்டுக்கட்டைக்குப் பக்கத்தில், கடைசிப் பெட்டியாக, இருபத்தேழு நின்றுகொண்டிருந்தது. ஏறி, அடுப்பை வைத்தாள். நான் பிறந்த மூலையில்தான் வைத்தாள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இனி வல்லிபுரம். யாழ்ப்பாணத்துக்காரர், யார்டுக்குக் கிராணி, கணக்கு எழுதுகிறவர். வெள்ளைக் கோட்டு, குடை, மூக்கின் நுனியில் கண்ணாடி, நுனி இரண்டும் மேலே முறுக்கிய மீசை. அந்த மீசையை யாராலும் வரையாமல் இருக்க முடியாது. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றபோது என்னோடு ஒரு டப்பா சாக்கட்டியும் நின்றுவிட்டது. பவுனம்மாள் பெட்டிக்குக் குடிவந்த பிறகு ஒரு வாரம் விடாமல் பெட்டிகளின் மேல் வரைந்தேன். மீசை வைத்த பெட்டிகள் காஜாங் வரை போய்வந்தன. கடைசியில் ஒரு பெட்டி மீசையோடு கிள்ளானில் அவருடைய மாமனார் முன்னால் போய் நின்றது. மறுநாள் யார்டு பலகையில் ஒரு கட்டளை ஏறியது. தமிழில், அவர் கையெழுத்தோடு: "பெட்டிகளின் மேல் வெண்கட்டியினால் எழுதப்பட்ட எதுவாயினும் கண்டவுடன் துடைக்கப்படல் வேண்டும்." சாக்கட்டியை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம்.

பவுனம்மாளுக்கு எழுத்து தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன்.

"எதுவாயினும்னா?"

"எதுன்னாலும், பவுனத்தே."

"ம்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அந்த 'ம்' வேலை செய்தது இரண்டு மாதம் கழித்து.

எரிக்க வேண்டிய பெட்டிக்கு வல்லிபுரம் சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுவார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஷண்டிங் இஞ்சின் வரும். குறி போட்ட பெட்டியை எடுத்துக்கொண்டு செந்தூல் போகும். ஒரு தடவைக்கு நான்கு பெட்டிதான். இஞ்சினோடு வரும் சின்னையா கேள்வி கேட்காத ஆள். குறி இருந்தால் கொக்கியை மாட்டுவார், இல்லாவிட்டால் பீடியைப் பற்றவைப்பார்.

இருபத்தேழின் மேல் குறி விழுந்தது. குறி போட்ட கையோடு வல்லிபுரம் ஆபீசுக்குப் போய்ப் பெரிய புத்தகத்தில் 'அனுப்பப்பட்டது, எரிக்கப்பட்டது' என்றும் எழுதிவிட்டார். வேலையை முன்னாலேயே முடித்து வைக்கிற பழக்கம் அவருக்கு. பவுனம்மாள் மதியம் வாளியோடு வந்தாள். குறியைப் பார்த்தாள். துடைத்தாள். சின்னையா வந்தார், பீடி பற்றவைத்தார், போனார்.

மறுவாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் வல்லிபுரம் பெட்டிக்கு எதிரே வந்து நின்றுகொண்டார்.

"பவுனம்மா, நான் போட்ட குறி எங்கை?"

"தொடச்சிட்டேங்க ஐயா."

"ஆர் உம்மைத் துடைக்கச் சொன்னது?"

"நீங்கதான். பலகைல ஒட்டியிருக்கீங்களே. எதுன்னாலும் தொடைக்கணுமாம்ல?"

"அது... அது இந்தக் கழுதையள் கீறுற மீசைக்கு!"

"அப்ப மீசைன்னு எழுதியிருக்கலாமேங்க."

நான் பக்கத்துப் பெட்டிக்கு அடியில் குனிந்து சிரித்ததில் தலையில் இரும்பு இடித்துக்கொண்டேன். வல்லிபுரத்தின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கி மீசையில் உட்கார்ந்தது. கட்டளையைக் கிழிக்கவும் முடியாது. அதன் நகல் மேலே ரயில்வேப் பெரிய துரைக்குப் போயிருந்தது, துரை 'நன்று' என்று போட்டுத் திருப்பியிருந்தார்.

"சரி. வாற செவ்வாய் நானே கதிரை போட்டு இதிலை இருக்கிறன். ஆர் துடைக்கினம் எண்டு பாப்பம்."

அந்த வாரம் பவுனம்மாள் சிரிக்கவே இல்லை. துணியை நீலம் போட்டுத் துவைத்து மடித்தாள். சட்டிகளை ஒரு சாக்கில் கட்டினாள். கிள்ளானிலிருந்து கப்பல் எந்த நாளில் போகிறது என்று அம்மாவிடம் கேட்டாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய் வந்தது. சாப்பாட்டு வேளைக்கு யார்டே காலி. வல்லிபுரம் மட்டும் குறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, குடை பிடித்து, உட்கார்ந்திருந்தார். அந்தக் குடைக்கு அந்தப்பக்கம் அவருக்கு ஒன்றும் தெரியாது. வரிசையில் பதினோரு பெட்டிகள். இருபத்தேழு கடைசி. மற்ற பத்தின் மேலும் நான் பெருக்கல் குறி போட்டேன். எல்லாவற்றிலும் குறி இருந்தால் சின்னையா குழம்பிப்போய் இஞ்சினைத் திருப்பிக்கொண்டு போவார் என்பது என் கணக்கு.

சின்னையா குழம்புகிற ஆள் இல்லை. வந்தார். முன்னால் இருந்த நான்கிலும் குறி இருந்தது. கொக்கியை மாட்டினார். ஊதினார். போனார்.

ஊதல் கேட்டு வல்லிபுரம் குடையை விலக்கினார். இருபத்தேழு அசையவில்லை. எட்டிப் பார்த்தார். தூரத்தில் போகிற நான்கில் மூன்றாவது, துரை ஊர் ஊராகப் போய்ப் பார்வையிடுகிற சொந்தப் பெட்டி. படுக்கை, சாப்பாட்டு மேசை, திரை, எல்லாவற்றோடும் எரியப் போய்க்கொண்டிருந்தது.

அவர் ஓடியதை நான் வரைந்து பார்த்தேன். சரியாக வரவில்லை. குடை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், "நிப்பாட்டு! எட சின்னையா, நிப்பாட்டு!" என்ற குரல் இன்னொரு பக்கம். தந்தி அடித்துச் செந்தூலில் பிடித்துவிட்டார்கள். நான்கும் பிழைத்தன. துரையின் பெட்டியில் கைப்பிடிகளை மட்டும் அதற்குள் யாரோ கழற்றியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் துரை வந்தார். முகம் தக்காளி. யார்டில் உள்ள எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும், கையை நீட்ட வேண்டும், யார் கையில் சாக்கட்டி இருக்கிறது என்று பார்க்கப் போகிறார் என்றார்கள். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நானும் மாட்டிக்கொண்டேன். கையைக் கழுவியிருந்தேன். நகத்துக்குள்ளே கழுவவில்லை. பாவாடையை மாற்றவே இல்லை.

துரை மூன்றாவது ஆளிடம் இருக்கும்போது பவுனம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தாள். ஈரத்துணியால் தேய்த்தாள். பித்தளையைத் தேய்ப்பதுபோல, ஒவ்வொரு நகமாக. பாவாடையையும் நனைத்து ஒரு உதறு.

"எருமை. சோறு தூக்கற கையா இது? இவ்ளோ அழுக்கு!" என்று எல்லாருக்கும் கேட்கத் திட்டினாள். என் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. எனக்கு அய்யாவு ஞாபகம் வந்தது.

யார் கையிலும் ஒன்றும் இல்லை. துரை வல்லிபுரத்தின் பக்கம் திரும்பினார். எந்தப் பெட்டிதான் போக வேண்டியது? இருபத்தேழு. புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். புத்தகத்தில் இருபத்தேழு மூன்று வாரத்துக்கு முன்பே எரிந்து போயிருந்தது. துரை தலையைத் தூக்கி யார்டின் கோடியைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். பிறகு வல்லிபுரத்தை. மீசையின் இரண்டு நுனியும் கீழே தொங்குவதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

"தொரை, அது பெட்டி இல்லீங்க" என்று ஒரு குரல். பவுனம்மாள். "அது தொடப்பம், வாளி வைக்கற ரூமு. கிராணி ஐயாதான் ஏற்பாடு பண்ணாரு."

வல்லிபுரம் இங்கிலீஷில் கொட்ட ஆரம்பித்தார். அவள் சொன்ன ஒரு வரி அவர் வாயில் பத்து நிமிஷம் ஓடியது. துரை நடந்துபோய்ப் பெட்டியில் ஏறினார். அம்மா அதற்குள் குறுக்கு வழியில் ஓடி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு இன்னும் ஆறவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. துரை சன்னல் விளிம்பில் ஒரு விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். தூசி இல்லை. பித்தளைக் கைப்பிடியைப் பார்த்தார். அவருடைய பெட்டியில் இப்போது கைப்பிடியே இல்லை. இறங்கினார். சக்கரத்தைக் கழற்றி ஓரமாக இறக்கி வையுங்கள், ரூமுக்கு எதற்குச் சக்கரம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வல்லிபுரம் என் பக்கம் வந்தார். ஈரப் பாவாடையைப் பார்த்தார்.

"உதிலை என்ன பிள்ளை வெள்ளையா?"

"இடியாப்ப மாவு, ஐயா."

"ஓம். இனிமேல் அந்த மாவை வீட்டிலை விட்டிட்டு வா." மீசை மறுபடி மேலே ஏறியிருந்தது.

அடுத்த வாரம் சக்கரம் போனது. எரிந்துபோன பெட்டியை இரண்டாம் தடவை எரிக்க யாராலும் முடியாது. அதனால் பவுனம்மாள் இன்றைக்கும் அதில்தான் இருக்கிறாள். துடைப்பங்களுக்குக் காவல் என்று பேர். நான் தினமும் போகிறேன், சோறு நன்றாக இருக்கும் என்பதற்காக மட்டும். வாசலில் மீசை வரைவேன், துடைத்துவிடுவாள்.

போன மாதம் கன்னையா அந்தப் பக்கம் வந்தவர் கதவின் முன்னால் நின்றுவிட்டார். அவர் கையால் இழுத்த இரண்டாவது கோட்டையும் மூன்றாவது கோட்டையும் காணவில்லை. முதல் கோடு மட்டும் அப்படியே இருந்தது.

"பெயிண்ட் உதிர்ந்துபோச்சுண்ணே, வெயில்ல" என்றாள் பவுனம்மாள். அவள் கையில் பெயிண்டைத் தேய்த்து எடுக்கிற செங்கல் தூள் ஒட்டியிருந்தது. என் கையிலும் ஒட்டியிருந்தது. பின்னால் மறைத்துக்கொண்டேன்.