பாதியில் நின்ற காதுகுத்து

நடுவீதியில் உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டு நடந்தபோது எனக்கு அது தோன்றியது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் வீடியோவின் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. ஆனால் ஒரே அளவு நேரம் ஓடிவிட்டு நிற்கிறது. கையில் டீ வாங்கிய ஃபிளாஸ்க்கோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "ஏம்மா, பூசணிக்காய்க்குக் காவலா? இங்கிட்டு ஒதுங்கு."

ஒதுங்கினேன். பிறகு ஓடினேன்.

அன்று விஜயதசமி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, குடுமியான்மலையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, புதுக்கோட்டையில் ஒரு மாடி ஸ்டுடியோவில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இதற்கா படிக்கவைத்தோம் என்று வீட்டில் ஒரு கருத்து உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒன்று ஏன் கெட்டது என்று துரத்திக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கும். எடிட்டிங்கில் கெடாத நாள் கிடையாது.

அன்று கெட்டது ஒரு காதுகுத்து வீடியோ. குழந்தையின் அப்பா விராலிமலைப் பக்கம். கத்தாரில் கட்டட வேலை. மகளுக்கு மலைக்கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதற்காகவே லீவு போட்டு வந்திருந்தார். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்து, ஆசாரி ஊசியைக் கையில் எடுத்த நேரத்தில் அவர் மலைக்குக் கீழே மண்டபத்தில் நின்றிருந்தார். பந்திக்குச் சமைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு கேஸ் தீர்ந்துவிட்டது என்று யாரோ போன் செய்து, இவர் படியிறங்கி ஓடியிருக்கிறார். திரும்பி ஏறி வருவதற்குள் இரண்டு காதும் முடிந்து, பிள்ளை கையில் வாழைப்பழத்தோடு விம்மிக்கொண்டிருந்தது.

"அம்புட்டு தூரத்துலேருந்து வந்து நான் பாத்தது என்னமோ சிலிண்டரத்தான் தங்கச்சி," என்று எங்களிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "வீடியோவுலயாச்சும் பாத்துக்கிறேன்."

அவருக்கு அது பென் டிரைவில் வேண்டும். அங்கே அவர்கள் தங்கியிருக்கும் அறையில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். லீவு முடிந்து திரும்புகிறவர் தன் வீட்டு விசேஷத்தின் வீடியோவைக் கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பார்கள். யார் வீட்டு மாப்பிள்ளை என்ன சட்டை போட்டிருந்தார், சாம்பார் வாளி யார் கையில் இருந்தது, அத்தனைக்கும் விமர்சனம் நடக்கும். இன்டர்நெட்டில் அனுப்பினால் அங்கே இறங்காது என்றார். விஜயதசமி அன்று ராத்திரி திருச்சியில் அவருக்கு ஃப்ளைட். மதியத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

முதல் கோளாறு சில நாட்களுக்கு முன்பே வந்து போயிருந்தது. ஊசி குத்தும்போது எங்கள் கேமராவுக்கு முன்னால் மாமன் வகை ஆட்கள் சுவர் மாதிரி நின்றுவிட்டார்கள். நல்ல கோணம் மாமன் மகன் போனில் எடுத்ததில்தான் இருந்தது. அதை எடுத்துச் சேர்த்ததும் சத்தமும் படமும் பிரிந்தன. ஸ்டுடியோக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எனக்கு அவர் அண்ணன் முறை மாதிரி, அப்படித்தான் கூப்பிடுவேன்.

"ஊசி இன்னும் ஆசாரி கையிலயே இருக்கு. புள்ள அதுக்குள்ள அழுவுது?" என்றார்.

"சத்தம் முன்னாடி ஓடுதுண்ணே."

"வெவரமான புள்ளதான்."

போன் கேமரா வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஒரு வினாடிக்கு எடுக்கும் படங்களைக் கூட்டியும் குறைத்தும் எடுக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லா வினாடியிலும் ஒரே எண்ணிக்கை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். சத்தம் மட்டும் தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். கிளிப்பின் தொடக்கத்தில் வித்தியாசம் தெரியாது. போகப் போக விலகும். சத்தத்தைப் பிடித்து இழுத்து ஒட்டவைத்தால் ஓர் இடத்தில் சரியாகும், அடுத்த இடத்தில் மறுபடி விலகும். அதனால் கிளிப்பை முதலில் வெளியே எடுத்து, ஒரே சீரான எண்ணிக்கைக்கு மாற்றி, பிறகு உள்ளே கொண்டுவர வேண்டும். செய்தேன். ஊசி பட்டது, பிறகு அழுதது.

ஆயுதபூஜை அன்று ஸ்டுடியோவைக் கழுவி, கேமரா, ட்ரைபாட், ஸ்க்ரூ டிரைவர் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார் அண்ணன். கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தடிமனாக ஒரு செவ்வந்தி மாலை. மறுநாள் காலையில் சூடம் காட்டும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. "ஒரு நாளு அதுவும் ஓய்வெடுக்கட்டும்" என்பது அவருடைய சட்டம். என்னால் சும்மா உட்கார முடியவில்லை. முடித்த வீடியோவைக் கடைசியாக ஒரே ஃபைலாக வெளியே எடுக்கும் வேலை மட்டும் பாக்கி. அதற்குப் போய் ஒரு நாள் காத்திருப்பதா?

காத்திருந்தேன். காலையில் சூடம் காட்டியதும் பட்டனை அழுத்தினேன்.

"நீ டீ வாங்கிட்டு வா. வர்றதுக்குள்ள ஓடிரும்," என்றார் அண்ணன்.

வாங்கி வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்திருந்தது. மறுபடி போட்டுப் பார்த்தால், மொட்டையடிக்கும் இடம் வரை ஃபைல் வந்திருக்கிறது.

இப்படி நின்றால் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். டிஸ்க்கில் இடம் பார்த்தேன், இருந்தது. சாஃப்ட்வேர் சேர்த்துவைத்திருந்த தற்காலிக ஃபைல்களை அழித்தேன். மொட்டை காட்சியில் அண்ணன் ஆசையாகப் போடச் சொல்லியிருந்த ரோஜா இதழ் கொட்டும் எஃபெக்டை எடுத்துவிட்டேன். அதைத்தான் நான் முதலிலிருந்தே சந்தேகப்பட்டேன்.

"அது இல்லன்னா வீடியோவே மொட்டையா இருக்கும்மா," என்றார்.

"புள்ளைக்கே மொட்டைதானேண்ணே."

முறைத்தார். மறுபடி டீ, மறுபடி கறுப்புத் திரை. அடுத்த தடவை முதல் பாதியை விட்டுவிட்டு, பின்பாதியை மட்டும் ஓடவிட்டேன். பந்தியில் இலை போடும் இடத்தில் நின்றது. அங்கே ஓர் எஃபெக்டும் கிடையாது. இலையும் ஆட்களும்தான்.

மூன்றாவது டீக்குப் போனபோதுதான் பூசணிக்காய். கெட்டுப்போன கிளிப் ஒன்று உள்ளே இருந்தால் எப்போது ஓடவிட்டாலும் அதே கிளிப்பில் நிற்க வேண்டும். இது மொட்டையில் நிற்கிறது, பந்தியில் நிற்கிறது. எங்கே தொடங்கினாலும் நான் கீழே இறங்கி டீ வாங்கி மேலே வரும் நேரம்தான் உயிரோடு இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு வீடியோவில் இல்லை. பெட்டி சூடாகிறது.

மாடியேறிப் பக்கவாட்டுத் தகட்டில் கையை வைத்தேன். தோசைக்கல். காதை வைத்துக் கேட்க முயன்றேன். வெளியே ஒலிபெருக்கிகள் காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்ததால் உள்ளே ஃபேன் சுற்றுகிறதா என்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பெட்டியின் முன்மூடி போன வருஷமே உடைந்துவிட்டது. அந்த ஓட்டைக்கு நேராக மாலை தொங்கியது.

"அண்ணே, மாலையக் கழட்டணும்."

"சாயங்காலம் வரைக்கும் இருக்கணும்."

"பொட்டி காத்து வாங்குற எடத்த அடைச்சிருக்கு. பூ உள்ள போயிருச்சு."

"சாமிக்குப் போட்ட பூவு எப்படி உள்ள போவும்?"

"ஃபேன் இழுத்துருக்கு."

இதற்குள் குழந்தையின் அப்பா வந்துவிட்டார். பெட்டி படுக்கையெல்லாம் கீழே காரில் இருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு மாலையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம்மவ காதுகுத்துதானண்ணே. சாமி ஒண்ணும் சொல்லாது. கழட்டுங்க."

"ஒனக்கு இன்னைக்கு ஒரு ஃப்ளைட்டு. எனக்கு வருசம் பூரா தொழிலு," என்றார் அண்ணன்.

குழந்தையின் அப்பா சுவரில் மாட்டியிருந்த கல்யாண ஆல்பங்களின் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்பட்டிருந்தால் அண்ணன் இன்னும் இறுகியிருப்பார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் தானாகவே எழுந்து, இன்னொரு சூடம் கொளுத்திக் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாலையைத் தூக்கிப் பிரிண்டருக்குப் போட்டார். அதற்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது.

"பிரிண்டரு இன்னைக்குக் கல்யாண மாப்பிள்ளை," என்றார் குழந்தையின் அப்பா. அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தார். அதன் பிடியிலும் குங்குமம்.

தகட்டைத் திறந்தால் உள்ளே மஞ்சள் மஞ்சளாக இதழ்கள். பிராசஸருக்கு மேலே இருக்கும் சின்ன ஃபேனில் மாலை நார் சுற்றி இறுகியிருந்தது. சும்மா இருக்கும்போது தாங்குகிறது. ஃபைல் எடுக்கும் பளு ஏறியதும் சூடு தாங்காமல் தன்னை அணைத்துக்கொள்கிறது. நாரைப் பிளேடால் அறுத்து, இதழ்களைப் பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளி எடுத்தேன். அவற்றைக் குப்பையில் போடவிடாமல் அண்ணன் ஒரு பேப்பரில் வாங்கிக்கொண்டார்.

"பூவையே தின்னுருக்கு பாரு," என்றார், திட்டுகிற குரலில் இல்லாமல்.

அதன் பிறகு நிற்காமல் ஓடியது. மொட்டையைத் தாண்டியது, பந்தியைத் தாண்டியது. நான் டீ வாங்கப் போகவில்லை.

முடிந்த ஃபைலைப் பென் டிரைவில் போட்டால் ஏற்கவில்லை. இடம் நிறைய இருந்தது. ஆனாலும் ஃபைல் பெரிது என்றது. பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ்கள் நாலு ஜிபிக்கு மேல் ஒற்றை ஃபைலை வாங்காது. வேறு முறையில் ஃபார்மேட் செய்யலாம். ஆனால் அந்த அறை டிவி அதைப் படிக்குமா என்று தெரியாது. அதோடு அதில் அவருடைய வேறு படங்களும் பாட்டுகளும் இருந்தன. எனக்கு உடனே ஒரு வழி தோன்றியது. புதிய சுருக்கும் முறையில் மறுபடி எடுத்தேன். தெளிவு குறையாமல் ஃபைல் பாதியாகிவிட்டது. பென் டிரைவில் ஏறியது. எங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம், அழகாக ஓடியது.

"ஊசி குத்துற எடத்தப் பாக்குறீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"வேணாம் தங்கச்சி. இப்பப் பாத்தா ஃப்ளைட்டு ஏற மாட்டேன். ரூம்ல எல்லாரோடயும் உக்காந்து பாத்துக்கிறேன்."

பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் பல பேர் பேசும் சத்தம்.

"தங்கச்சி, சத்தம் மட்டுந்தான் வருது. படம் இல்ல, கறுப்பா நிக்கிது. இருந்தாலும் நிப்பாட்டல. மேளம் கேட்டுச்சு, அரோகரா கேட்டுச்சு, அவ அழுவுறதும் கேட்டுச்சு. பயலுக ஒருத்தனும் பேசாம உக்காந்திருந்தாய்ங்க. அடுத்த வெள்ளிக்குள்ள ஏதாச்சும் பண்ணு."

அதற்குள் ஒருவர் குரல் குறுக்கே வந்தது: "ரேடியோவுல காதுகுத்து கேட்ட மொத ஆளு நாங்கதாம்மா!"

நான் தேர்ந்தெடுத்த புதிய சுருக்கும் முறையை அந்தப் பழைய டிவிக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சத்தம் பழைய முறையிலேயே இருந்ததால் அது மட்டும் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடினால் எங்கும் ஓடும் என்று எடுத்துக்கொண்டதில் வந்தது இது. சினிமாக்காரர்கள் தியேட்டரில் போட்டுப் பார்க்கிறார்கள். நான் அந்த அறை டிவியின் போட்டோவைக்கூடக் கேட்டு வாங்கவில்லை. இப்போது கேட்டு வாங்கியிருக்கிறேன், பின்பக்கம் ஒட்டிய சீட்டோடு சேர்த்து. மாடல் எண்ணைத் தேடியதில் பழைய முறை ஓடும் என்று போட்டிருக்கிறது. போட்டிருப்பதை வைத்து முடிவு கட்டுவதாக இல்லை.

முழு வீடியோவையும் பழைய முறையில், அளவைக் குறைத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்துவைத்திருக்கிறேன். அவர் வேலை முடிந்து, டவுனில் நல்ல சிக்னல் இருக்கும் ஒரு கடையில் நின்று ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஊசித் துண்டை முதலில் அனுப்பச் சொல்கிறார் அண்ணன். அனுப்பப் போவதில்லை. படிக்கட்டில் மயில் ஒன்று குறுக்கே நடந்து போகும் சில வினாடிகள் இருக்கின்றன. நாளை காலை அதை மட்டும் அனுப்புகிறேன். மயில் அந்த டிவியில் நடந்துவிட்டது என்று பதில் வந்தால், அடுத்தது ஊசி.