கேள்வி கேட்காதீர்கள் என்று சொன்ன இமேஜ்

பொம்மனஹள்ளியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் எனக்கு லினக்ஸ் இமேஜ் கட்டும் வேலை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை எடுத்து, வாடிக்கையாளருக்கு வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை நீக்கி, மொத்தத்தையும் ஒரே கோப்பாக ஆக்கிவிடுவேன். அந்த ஒரு கோப்பிலிருந்து கிளவுடில் எத்தனை சர்வர் வேண்டுமானாலும் அச்சடித்தாற்போல் எழுப்பலாம். பள்ளிப் படிப்போடு நின்ற எனக்கு இது பிடித்துப்போனது. யாரோடும் பேச வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை தவிர. அன்று டீக்குப் பிறகு டெமோ. இமேஜ் கட்டியவர் அதைப் பெரிய திரையில் எழுப்பி, என்ன செய்தோம் என்று எல்லார் முன்னாலும் விளக்க வேண்டும். எழுந்து நின்றாலே எனக்குப் பேச வராது. இரண்டு முறை பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு வேலைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று எங்கள் குழுத் தலைவி வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் என்னைவிட வயதில் சின்னவர்.

அடுத்து பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்கான இமேஜ். சர்வருக்குள் நுழைந்ததும் திரையில் ஒரு வரவேற்புச் செய்தி வரும். அதை இஷ்டம்போல் மாற்றலாம். நான் பேச வேண்டியதையெல்லாம் அதில் எழுதிவிட்டேன். கருப்புத் திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடையும் என்பதால், ஆங்கில எழுத்தில் தமிழ். கடைசி வரி, தயவுசெய்து கேள்வி கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை அதைத் திரையில் எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். தமிழ் தெரிந்தவர்கள் வாசித்துச் சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்குத் தலைவி கன்னடத்தில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “ஸ்பீச்சையே இன்ஸ்டால் பண்ணிட்டீங்களா அண்ணா?” என்றார். ஆனால் என்னை வேறு வேலைக்கு மாற்றுவதா வேண்டாமா என்று அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காட்டிய இமேஜில் அதன்பின் யாரும் கை வைக்காமல் அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். தப்பித்த சந்தோஷத்தில் அது எனக்கு நினைவில்லை. திங்களன்று தொழிற்சாலையின் எல்லா சர்வர்களும் என் பேச்சோடு எழுந்து நின்றன.

அங்கிருந்து சிஸ்டம் பார்ப்பவர் போன் செய்தார். தலைவி ஸ்பீக்கரில் போட்டு, என் பக்கம் தள்ளினார்.

“சார், கேள்வி கேக்காதீங்கன்னு மெஷின் சொல்லுது. எனக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கு, கேக்கலாமா?”

கேளுங்கள் என்றேன்.

“பழைய சர்வர்ல விடியக்கால ரிப்போர்ட்டெல்லாம் நேத்து தேதில வரும். சூப்பர்வைசர் என்னைத்தான் திட்டுவாரு. இதுல எப்படி?”

அது லண்டன் நேரத்தில் ஓடிய சர்வர், இதில் இமேஜுக்குள்ளேயே நம் நேரத்தை வைத்திருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் அடுத்ததைக் கேட்டார். எதை நீக்கினேன், ஏன் நீக்கினேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். போனை வைத்துத் திரும்பினால், மொத்தக் குழுவும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

“இந்த வார டெமோ முடிஞ்சுது” என்றார் தலைவி.

இப்போதும் இமேஜ் நான்தான் கட்டுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் எழுந்து நிற்பதில்லை. யாருக்காகக் கட்டினேனோ அவரைப் போனில் பிடித்துக் கொடுக்கிறார்கள். அவரிடம் சொல்கிறேன், மற்றவர்கள் டீயோடு கேட்டுக்கொள்கிறார்கள்.