ஷேர் ஆட்டோவில் பாதி ஆல்பம்

இன்று கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தேன்.

டிரைவர் ஒரு ராப் ஆல்பம் போட்டிருந்தார். வேலைக்குத் திருப்பூர் போன கல்வராயன்மலைப் பையனின் கதை, பாட்டுக்குப் பாட்டு வளர்கிறது. இவ்வளவு நல்ல ஆல்பத்தைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை.

"யம்மா, உங்க ஸ்டாப் வந்துட்ச்சி," என்றார், என் பக்கத்திலிருந்த பெண்ணிடம்.

"இருப்பா. பாட்டுல வர்ற அந்தப் புள்ள வூட்டுக்கு வந்துச்சா, இல்லியா? எம் பையனும் திருப்பூர்லதான் கீறான். போன்கூட பண்றதில்ல."

"எனக்கே தெரியாதும்மா. ஸ்டாண்டுல ஆள் ஏறினா மொத பாட்லருந்து போடுவேன். முடியறதுக்குள்ள வண்டி காலியாயிடும்."

பாடத்தின் நடுவில் மணி அடித்தாற்போல, அந்த அம்மா அரைமனதாக இறங்கினார்.

வீட்டுக்கு வந்து ஆல்பத்தைத் தேடி எடுத்துவிட்டேன். கடைசிப் பாட்டைப் போடத்தான் கை வரவில்லை.

முழுவதும் கேட்டவர்கள் சொல்லுங்கள், பையன் வீடு திரும்பியிருந்தால் மட்டும்.