பயம் தெளியும்வரை வேடிக்கை

என் தம்பி இன்றைக்கும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிடுகிறான். எனக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள், முழங்கால் இரண்டும் போய்விட்டன, இந்தப் பட்டம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. அவன் அப்போது தொட்டிலில் கிடந்த குழந்தை. எதையும் கண்ணால் பார்த்தவனில்லை. கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டே இத்தனை வருஷமாக என் மானத்தை வாங்குகிறான். அதனால் நடந்ததை ஒரு தடவை நானே சொல்லிவிடுகிறேன்.

பினாங்கில் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. அம்மா, தம்பி, ஏழு வயதில் நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. ரப்பர் தோட்டத்தில் வேலையாக இருந்த அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். அப்பா போய் அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். எனக்கு அவள் கிழவியாகத்தான் தெரிந்தாள். அந்த வயதில் பெரியவர்கள் எல்லாரும் கிழவர்கள்தானே!

அத்தை வீட்டைவிட்டு வெளியே போகமாட்டாள். போகக்கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. போனால் எங்கே, எதற்கு என்று தெரு கேட்கும். அதற்குப் பதில் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். தைப்பூசத்து ரதம் போகும்போதுகூடக் கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் இருந்த என் மாமாவின் மனைவிக்குப் பிரசவம். அம்மாவால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு போக முடியாது என்று அத்தையை உதவிக்கு அனுப்பினார்கள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுது நானும் ஒட்டிக்கொண்டேன். திரும்பும்போது மாமா எங்களைக் கடற்கரை வரை கொண்டுவந்தார். தீவுக்குப் போகும் நீராவிப் படகு அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்ததற்கு நின்றால் இருட்டிவிடும் என்று ஒரு சம்பானில் எங்களை ஏற்றிவிட்டார். துடுப்புப் போடுகிற சீனர், கூடை நிறைய வாத்துகளோடு ஒரு சீனக் கிழவி, நாங்கள் இரண்டு பேர்.

பாதிக் கடலில் காற்று கிளம்பியது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கரையில் இருக்கிற கட்டடங்களின் சன்னல்கள் தெரிகிற தூரத்தில், ஒரு அலை பக்கவாட்டில் அடித்துச் சம்பானைக் கவிழ்த்துவிட்டது.

மூக்கில் ஏறின உப்புத்தண்ணீரின் எரிச்சல் எனக்கு நினைவிருக்கிறது. என் சடையைப் பிய்த்துவிடுவதுபோல் பிடித்த ஒரு கையும் நினைவிருக்கிறது. அது அத்தையின் கை. இன்னொரு கையால் அவள் கவிழ்ந்த சம்பானின் விளிம்பைப் பற்றியிருந்தாள். "வாயை மூடு, வாயை மூடுடி" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அலை அவள் தலைக்கு மேல் போகும், மறுபடி அவள் முகம் வரும், மறுபடி "வாயை மூடுடி" என்பாள். சரக்குப் படகுக்காரர்கள் வந்து எல்லாரையும் தூக்கிப் போட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூடை திறந்துகொண்டதில் வாத்துகள் மட்டும் தம் பாட்டுக்கு நீந்திக் கிளம்பிவிட்டன. அன்றைக்கு அந்தக் கடலில் சந்தோஷமாக இருந்தவை அவைதான். கிழவி அவற்றைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. தண்ணீரைக் கண்டால் அலறுவேன். குளிக்கக் கூப்பிட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுவேன். ஒரு செம்புத் தண்ணீர் தலையில் விழுந்தால் மூச்சு நின்றுபோகும். சோறு இறங்கவில்லை. என்மேல் வீச்சம் அடிக்க ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுக்காரி ஒரு யோசனை சொன்னாள். பிள்ளை பயந்திருக்கிறது, பாயிடம் கொண்டுபோய் ஓதிப் பாருங்கள் என்றாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் பயந்துவிட்டால் அப்படித்தான். இந்து வீடு, வேதக்கார வீடு என்றெல்லாம் கிடையாது. சூலியா தெருவுக்குப் பக்கத்தில் அந்தப் பாயின் வாசலில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் மூக்கொழுக உட்கார்ந்திருக்கும். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அத்தை தண்ணீர்ப் புட்டியோடு கூட வந்தாள்.

பாய் புட்டியில் ஓதி ஊதினார். என் முகத்தில் தெளித்தார். நான் ஊரைக் கூட்டினேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் அத்தையைப் பார்த்தார். கையில் மிச்சமிருந்ததை அவள் முகத்திலும் தெளித்தார். அத்தை திடுக்கிட்டுப் பின்னால் போனாள்.

"எனக்கு ஒன்னுமில்ல பாய்," என்றாள்.

"அவளுக்கு என்ன, பெரிய மனுஷி. நீங்க புள்ளையப் பாருங்க," என்றார் அப்பா.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "உசுரு இன்னும் தண்ணிக்குள்ளதான் நிக்குது. ஒரே இடத்துல அடைச்சு வைக்காதீங்க. நாலு இடம் கூட்டிட்டுப் போங்க, வேடிக்கை காட்டுங்க. தன்னால கரை ஏறிரும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"கரை ஏறினா அதுவே சொல்லும் தம்பி."

அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்குத் தம்பி. அத்தைதான் சும்மா இருக்கிறாள். ஆகவே எனக்கு வேடிக்கை காட்டும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. தெருவும் வாயைத் திறக்கவில்லை. பயந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவளை யார் என்ன கேட்பார்கள்?

அடடா, அந்த நாட்கள்! மத்தியானச் சாப்பாடு ஆனதும் அத்தை எனக்குத் தலைவாரிப் பொட்டு வைப்பாள். டிராமில் ஏறுவோம். ஆயர் ஈத்தாம் கடைசிவரை போவோம், இறங்கமாட்டோம், அதே வண்டியில் திரும்புவோம். மலாய்க்காரக் கண்டக்டர் முதல் நாள் ஒரு மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் சன்னலோர இடத்தைக் கையால் காட்டுவார். அத்தை வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். வீட்டில் வாயே திறக்காதவளுக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியம். "அந்த மாடி வீட்டு அம்மா தெனமும் அதே பாவாடையத்தான் காயப்போடுது பாரு. ஒன்னே ஒன்னுதான் இருக்கும்போல!" என்பாள்.

சீனக் கோவில் வாசலில் மேடை போட்டுக் கூத்து ஆடுவார்கள். ஒரு வார்த்தை புரியாது. அத்தை கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குத் தமிழில் கதை சொல்வாள். "இப்ப அந்த மீசைக்காரன் கத்துறான்ல, பொண்டாட்டி மீன்கொழம்புல உப்ப அள்ளிப் போட்டுட்டா. அந்தம்மா ஏன் அழுவுது தெரியுமா? போட்டது மாமியாக்காரி, பழி இவமேல." மேடையில் ஒரு ராஜா செத்து விழுந்தபோது, "கொழம்பக் குடிச்சுட்டான்," என்றாள். நான் சிரித்த சிரிப்பில் முன்னால் நின்ற சீனர்கள் திரும்பி முறைத்தார்கள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

திரும்பும்போது, ஐஸ் சீவி உருண்டை பிடித்துச் சிவப்புப் பாகு ஊற்றித் தருகிறவரிடம் ஒன்று வாங்குவாள். எனக்குத்தான். ஆனால் உருகுகிறது, உருகுகிறது என்று பாதியை அவளே உறிஞ்சிவிடுவாள். சந்து முனையில் நின்று, "வாய் செவந்திருக்காடி?" என்று கேட்பாள். வெற்றிலை போட்டதுபோல் செக்கச்செவேல் என்று இருக்கும். தோல் உரிய உரியத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போவாள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஊரே காற்று வாங்கப் போகிற கடற்கரைத் திடலுக்கு அவள் என்னைக் கூட்டிப்போனதே இல்லை. டிராம் கடல் பக்கம் திரும்பினால் என் தலையைத் தன் மடிக்குள் அழுத்திக்கொள்வாள். "நீ பாக்காதே, பயந்துக்குவே" என்பாள். மூச்சு முட்டும். படுக்கும்போது என் கையைத் தன் முந்தானை நுனியால் கட்டிவைத்துக்கொள்வாள். எனக்குப் பயமாக இருக்குமாம். அவள் குளித்துவிட்டு வந்தால் இரண்டு கண்ணும் கோவைப்பழமாக இருக்கும். முகத்துக்குச் சவுக்காரம் போடும்போது கண்ணை மூடமாட்டாளாம். "கண்ணத் தொறந்துக்கிட்டு யாராச்சும் சவுக்காரம் போடுவாங்களா?" என்று அம்மா கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்றாள்.

ஒருநாள் தண்ணீர்மலை வழியாகப் பூந்தோட்டத்துக்குப் போய்க் குரங்கு பார்த்தோம். ஒரு குட்டிக் குரங்கு என் கையிலிருந்த கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. விடுவேனா? துரத்திக்கொண்டே போனேன். எங்கே நிற்கிறேன் என்று பார்த்தால் ஓடையில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன்! அலறவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. குளிர்ச்சியாக, நன்றாக இருந்தது. "அத்தே, வாங்க, கால் வையுங்க," என்று கூப்பிட்டேன். அத்தை கரையில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலை நனைந்துவிடும் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல், "பயம் போயிருச்சா பாப்பா?" என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை. எல்லார் முன்னாலும் தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக் காட்டினேன். அப்பா கைதட்டினார். பாய்க்கு வாழைப்பழச் சீப்பு போயிற்று. வேடிக்கையும் அன்றோடு நின்றது.

பிறகு அத்தை பழையபடி அடுப்படியில் உட்கார்ந்தாள். பழையபடி என்றால் பழையபடியும் இல்லை. அரிசி களைகிறபோது கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிடும். டிராம் மணி கேட்டால் தலை நிமிரும். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பாள். ஒரு மத்தியானம் எனக்குத் தலை வாரிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில், "கொஞ்சமாச்சும் பயம் மிச்சமிருக்காடி?" என்று கேட்டாள்.

"இல்லவே இல்ல அத்தே!"

"நல்லதுடி கண்ணு," என்றாள். சடை பின்னி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றக்கூட இல்லை. அம்மா அவரிடம், "ஏங்க, புள்ளைக்கு இன்னும் சரியாகல. தூக்கத்துல அனத்துறா. வேடிக்கைய நிப்பாட்டுனது தப்பு," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொய்! நான் ஒன்னும் அனத்தல! காலையில நானேதான..." அதற்குமேல் பேச முடியவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டே, பாவாடைக்கு மேலாக என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அப்பப்பா! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தீங்களா, சொன்னாலே அழுவுறா," என்றாள் அம்மா.

அப்பா பயந்துபோனார். "அப்ப கூட்டிட்டுப் போகச் சொல்லுலா. இதுக்கு என்னைக் கேக்கணுமா?" என்றார். அடுப்படி வாசலில் அத்தை கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை "அண்ணி" என்று ஏதோ சொல்ல வந்தாள். "கொழம்பு கொதிக்குது பாரு," என்று அம்மா அவளை உள்ளே அனுப்பிவிட்டாள்.

அதிலிருந்துதான் தெருவெல்லாம் எனக்கு அந்தப் பெயர். இன்னுமா பயம் தெளியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி வாரம் தவறாமல் கேட்பாள். பிள்ளைகள் என்னைக் கண்டதும் செம்புத் தண்ணீரைக் காட்டி ஓடினார்கள். நான் அந்தத் தண்ணீரைப் பிடுங்கி அவர்கள் தலையிலேயே ஊற்றினாலும் பெயர் மாறவில்லை. டிராம், கூத்து, ஐஸ் உருண்டை எல்லாம் திரும்ப வந்துவிட்டதால் பொறுத்துக்கொண்டேன். என் அம்மாவே என்மேல் இப்படிப் பொய் சொல்லிவிட்டாளே என்ற வருத்தம் மட்டும் ஆறவில்லை. காரணம் கேட்டபோதெல்லாம், "பெரியவங்க பேச்சுல உனக்கென்ன?" என்றாள்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள், அத்தை தானாகவே படகுத்துறைக்குப் போகலாம் என்றாள். நீராவிப் படகு புகைவிட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்குகிற கற்படிகள். "பயப்படாதே, என் கையப் புடிச்சுக்க," என்றாள். நான் எங்கே பயந்தேன்? அவள்தான் என் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினோம். கடைசிப் படியில் அலை வந்து எங்கள் பாதத்தை நனைத்தது. அத்தையின் சேலைக்கரை நனைந்தது. அவள் அதைத் தூக்கிக்கொள்ளவில்லை. குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தில் அடித்துக்கொண்டாள். இன்னொரு கை. இன்னொரு கை. பிறகு படியில் உட்கார்ந்து அழுதாள், கொஞ்சம் சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். உப்புத்தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டதாக்கும் என்று என் பாவாடை நுனியைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "அண்ணே, புள்ளைக்குச் சரியாயிருச்சு. இனிமே பயமில்ல," என்றாள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தையின் நனைந்த சேலைக்கரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கோ கோபம் கோபமாக வந்தது. சரியாகி எத்தனை காலமாகிவிட்டது! தினமும் கூடவே சுற்றுகிற இந்த அத்தைக்கு, அது இப்போதுதானா தெரிகிறது?