சித்தப்பாவின் மேல் வரிசை

என் சித்தப்பா பல் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து மெழுகில் ஒரு வரிசை கட்டி, அதைக் கெட்டியான பல் செட்டாக்கி, சின்னப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவது இவர் வேலை. இந்தத் தொழிலில் முப்பத்திரண்டு வருஷமாக இருக்கிறார். "வருஷத்துக்கு ஒரு பல்லு" என்று சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சிரிக்கும்போது தெரிகிற மேல் வரிசை முழுக்க அவரே செய்தது.

நாற்பத்தைந்து வயதில் ஈறு கெட்டு மேல் பல் எல்லாம் போனதும், இரண்டே நாளில் தனக்கு ஒரு செட் செய்து மாட்டிக்கொண்டார். முன் பல் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறார். "எல்லாம் நேரா நின்னா பொய்னு தெரிஞ்சிடும்டி." பத்து வருஷத்தில் வெளியாள் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. பெருமையை யாரிடமும் சொல்ல முடியாது என்கிற வருத்தமும் உண்டு.

அவர் வீட்டில் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். ஆறு வருஷம், பதினொரு நாடு சுற்றிவிட்டு வந்தவள் நான். அம்மா வீட்டில் நான்கு நாள் தாக்குப்பிடித்தேன். அம்மாவைக் கேட்டால் அவள்தான் தாக்குப்பிடித்தாள் என்பாள். ஐந்தாம் நாள் சித்தப்பா வீட்டு சோபாவுக்குக் குடிபெயர்ந்தேன். என் பெரிய பை மூன்று மாதமாகப் பிரிக்கப்படாமல் கதவருகே நிற்கிறது. எந்த நேரமும் கிளம்பிவிடுவேன் என்று பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டும். உண்மையில் அதற்குள் இருப்பது துவைக்காத துணி.

துணி என்றதும் அவர் கதைக்கு வருகிறேன். தெருமுனைச் சலவைக்கடையில் சித்தப்பா தன் வெள்ளைக் கோட்டை வாரத்துக்கு ஒரு முறை போடுவார். ஒரு வருஷமாக அது வாரத்துக்கு மூன்று ஆகிவிட்டது. அந்த ஒரு வருஷமாகக் கடையில் உட்காரும் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும், சித்தப்பாவைப் போலவே தனியாக இருப்பவர். வீட்டில் சித்தப்பா அவரைக் கடைக்காரம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வெறும் "அவங்க" ஆனது. "அவங்க இன்னைக்குப் பச்சைப் புடவை." "மழை வரும்னு அவங்க சொன்னாங்க." பெயரும் தொழிலும் உதிர்ந்து ஒரு பெண் ஒருவர் வாயில் வெறும் "அவங்க" ஆகிவிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளப் பதினொரு நாடு சுற்ற வேண்டியதில்லை.

ஒரு வியாழக்கிழமை கோட்டை வாங்கப் போனவர் கோட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்க நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்க."

"அடேங்கப்பா! எப்படிச் சித்தப்பா கேட்டீங்க?"

"கேட்டுட்டேன், விடு. உங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டேன். நண்டுன்னுட்டாங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் இழவு வீட்டுக்குப் போய் வந்தது போல இருந்தது.

"அதுக்கு ஏன் இப்படி ஆயிட்டீங்க?"

"நண்டுன்னா ஓட்டைக் கடிக்கணும், காலை உறிஞ்சணும். நான் உறிஞ்சினா சதையோட சேர்ந்து மேல் வரிசையும் கையில வந்துரும்."

"செட்டுன்னு சொல்லிட்டாப் போச்சு."

அங்கேதான் சிக்கல். முதன்முதலில் கோட்டை நீட்டியபோது அந்தப் பெண்மணி இவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது, "இந்த வயசுல என்ன அழகான பல்லு உங்களுக்கு" என்பதுதான். சித்தப்பா மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வருஷம் நீண்டுவிட்டது.

"ஞாயித்துக்கிழமை கேட்டுடலாம்னு இருக்கேன். 'சம்மதமா'ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு முன்னாடி பல்லு கழண்டு நண்டு மேல விழுந்துச்சுன்னா, அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"நான் சமைக்கிறேன்" என்றேன். நண்டைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் நம் குடும்பத்தில் யார் என்று வேறு கேட்டேன். கடலோர ஊர் ஒன்றில் நண்டு உணவகத்தின் சமையலறையில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. அந்தச் சமையலறையின் பின்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தேன். நண்டு என்னைத் தாண்டித் தட்டுகளில் போகும்.

"தொட்டுக்க என்ன?" என்று சித்தப்பா கேட்டார்.

"நண்டுக்கா?"

"எனக்கு. நண்டைச் சும்மா தொட்டுப் பாத்துட்டு மத்ததுல வயித்தை நிரப்பிக்கிறேன். மெத்துன்னு ஏதாவது பண்ணு. சோறு வெச்சிடேன்."

"சோறா?" நான் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. "வெளிநாட்டுல எல்லாம் நண்டுக்கு மொறுமொறுன்னு நீட்டு ரொட்டிதான் சித்தப்பா. குழம்பைத் துடைச்சுச் சாப்பிடணும்."

"ரொட்டியைக் கடிக்கிறதுக்கு நண்டையே கடிச்சிடலாம்."

கடைசியில் ஒப்பந்தம் ஆனது. அவர்களுக்கும் எனக்கும் ரொட்டி, சித்தப்பாவுக்கு வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு. அவர் நான்கு கரண்டி வாங்கிக்கொண்டு, நேற்றிலிருந்து நண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். உருளைக்கிழங்கில் நான் கரை கண்டவள் என்பதால் அதில் தவறே நடக்காது என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை சந்தையில் நண்டுக்காரர், "ஆணா பொண்ணா?" என்று கேட்டார். "பொண்ணு" என்றேன். பிறகுதான் அவர் நண்டைப் பற்றிக் கேட்டார் என்று புரிந்தது. நான்கு நண்டு வாங்கி வந்தோம். ஒன்றின் கயிறு அவிழ்ந்து அது பாத்திரம் கழுவும் தொட்டியில் நடக்க ஆரம்பித்ததும் நண்டு நிபுணி நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டாள். சித்தப்பாதான் பின்பக்கமாகப் பிடித்து, குளிரில் மரத்துப்போகட்டும் என்று நான்கையும் ஃப்ரீசரில் வைத்தார். மரத்ததும் ஓட்டைத் திறந்து, பஞ்சு போன்ற செவுளைக் கிள்ளி எறிந்து, பல் தேய்க்கும் புது பிரஷால் ஒவ்வொரு காலாகத் தேய்த்தார்.

"எத்தனை பேர் பல்லைத் தேய்ச்ச கை! இதுங்க வாயைத் திறந்து வலிக்குதுன்னு சொல்லலை, அதுவே பெரிசு" என்றார்.

அவர் குளிக்கப் போனதும் அடுப்பு என் கைக்கு வந்தது. வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளி போட்டு, மிளகைத் தட்டிப் போட்டு, நண்டைக் கொட்டி மூடினேன். ஓடு சிவந்து வந்தது. வாசனையும் வந்தது. என்னையே நம்ப முடியவில்லை. அந்த மிதப்பில்தான் உருளைக்கிழங்கை மசித்தேன். பால் அதிகமாகிவிட்டது. கரண்டியில் எடுத்தால் ஒழுகியது. மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குக் கடைக்காரம்மா வந்துவிடுவார்.

கெட்டியாக்க ஏதாவது மாவு வேண்டும். மேல் தட்டில் நீல மூடி போட்ட டப்பாவில் மாவு இருந்தது. இளஞ்சிவப்பு நிறம், லேசான புதினா வாசனை. பல் செய்கிறவர் வீட்டில் புதினா வாசனையோடு இளஞ்சிவப்பு மாவு இருந்தால் அது என்னவென்று ஐந்து வயதுக் குழந்தை யோசிக்கும். நான் "அட, வாசனை மாவு!" என்று இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டுக் கிளறினேன். கெட்டியானது. ரொம்பச் சீக்கிரம் கெட்டியானது. கரண்டி நின்றது. பிறகு அசைய மறுத்தது. பலம் கொண்டு இழுத்ததும் கரண்டி மட்டும் வந்தது. பாத்திரத்துக்குள், கைப்பிடியில் இருந்த பூ வேலைப்பாடு முதற்கொண்டு, கரண்டியின் அச்சு அப்படியே இருந்தது.

தலை துவட்டிக்கொண்டே வந்த சித்தப்பா பாத்திரத்தைப் பார்த்தார். நீல மூடியைப் பார்த்தார். விரலால் அழுத்தினார். ரப்பர் போல அமுங்கி எழுந்தது.

"அச்செடுக்கிற மாவு. நான் வேலை பாக்கற பின் அறையில ஈரம் ஏறுதுன்னு இங்க வெச்சேன்." குனிந்து கரண்டியின் அச்சைக் கூர்ந்து பார்த்தார். தொழில் புத்தி விடவில்லை. "ஒரு குமிழி கூட இல்லடி. டாக்டருங்க எவனும் எனக்கு இப்படி ஒண்ணு அனுப்பினதில்ல."

"சித்தப்பா, சாரி. சோறு வைக்கிறேன், பத்தே நிமிஷம்..."

அழைப்பு மணி அடித்தது. இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார் அவர். பாத்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சித்தப்பா கண்ணாடியில் ஒரு முறை தன் மேல் வரிசையைப் பார்த்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனார், தேர்வுக்கு ஒன்றும் படிக்காமல் போகிற பையன் மாதிரி.

கடைக்காரம்மா வந்ததும் கைகழுவும் இடத்தைக் கேட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். சாப்பிட வந்தவர் என்பதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மேசையில் நண்டு, நீட்டு ரொட்டி, ஓடு உடைக்கச் சித்தப்பா கம்பி வளைக்கும் பிளையர் இரண்டு. பிளையரை அவர் ஒதுக்கி வைத்தார். ஒரு நண்டுக் காலை எடுத்துப் பல்லில் வைத்தார். படக். உறிஞ்சினார். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை.

"யார் சமைச்சது? நல்லா இருக்கே!"

"நான்தான்" என்றேன். வாழ்க்கையில் அதற்குமேல் அடக்கமாக நான் பேசியதில்லை.

சித்தப்பா ரொட்டியின் உள்சதையை மட்டும் பிய்த்துக் குழம்பில் தொட்டுக்கொண்டிருந்தார். மேலோடு ஒரு குகை போலத் தட்டில் சேர்ந்துகொண்டே வந்தது.

"நீங்க ஏன் கொறிக்கிறீங்க? இந்தாங்க." இருப்பதிலேயே பெரிய கொடுக்கை எடுத்து அவர் தட்டில் வைத்தார் கடைக்காரம்மா. "கடிங்க. உங்க பல்லுக்கு இது எம்மாத்திரம்!"

சித்தப்பா கொடுக்கை எடுத்தார். வாய் வரை கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். நான் ரொட்டியைப் பார்த்தேன். கொடுக்கைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது என் பல்லு இல்லீங்க."

"பின்ன யாரோடது?"

"என்னோடதுதான். ஆனா நான் செஞ்சது. மேல பூராவும். அன்னைக்கு நீங்க அழகா இருக்குன்னப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

கடைக்காரம்மா உறிஞ்சிக்கொண்டிருந்த காலைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஒரு வருஷமாவா வாய் வரலை?"

"ஆமாங்க."

"கிட்ட வாங்க. காட்டுங்க."

சித்தப்பா குனிந்து பல்லைக் காட்டினார். சட்டையில் கறை தேடுகிற கண்ணால் அவர் வலமிருந்து இடமாக நிதானமாகப் பார்த்தார்.

"இந்த ஒண்ணு ஏன் சாஞ்சிருக்கு?"

"வேணும்னுதான் வெச்சேன். நேரா நின்னா பொய்னு தெரிஞ்சிடும்னு."

"பொய் சொல்றதுல இவ்வளவு பாடா!" சாய்ந்து உட்கார்ந்தார். கோபமா இல்லையா என்று அந்தக் குரலை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. "சரி, உள்ள போய்க் கழட்டி வெச்சிட்டு வாங்க. நல்ல நண்டு ஆறிப் போகுது. நான் உங்க பக்கம் பாக்கலை."

போய்விட்டு வந்தபோது கன்னம் ஒட்டி, ஒரே நொடியில் பத்து வயது கூடியிருந்தது சித்தப்பாவுக்கு. தலை நிமிராமல் உட்கார்ந்தார். கடைக்காரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, கடித்து உடைத்த கால்களை ஒவ்வொன்றாக அவர் தட்டில் தள்ளினார். சித்தப்பா உறிஞ்ச ஆரம்பித்தார். பத்து வருஷப் பசி. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். இரண்டு நண்டு காலியான பிறகு, இனி இழக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியதோ என்னவோ, திடீரென்று நிமிர்ந்தார்.

"ஹம்மஹமா?"

"என்னது? இன்னும் வேணுமா?" ஒரு கொடுக்கைத் தள்ளினார் அவர்.

சித்தப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். "ஹம்மஹமா?"

"தண்ணியா?" டம்ளரை நகர்த்தினார்.

ஒரே வார்த்தை. அதில் இருக்கிற 'ச'வுக்கும் 'த'வுக்கும் மேல் பல் வேண்டும் என்று முப்பத்திரண்டு வருஷம் பல் செய்தவருக்குத் தோன்றவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்து என் பக்கம் திரும்பினார். ஐந்து மொழியில் "கழிப்பறை எங்கே" என்று கேட்கத் தெரிந்தவள் நான். மொழிபெயர்க்க எனக்கு வாய்த்த ஒரே சந்தர்ப்பம் இது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சித்தி, சித்தப்பா என்ன கேக்கறார்னா..."

அப்புறம் மொழிபெயர்க்க ஒன்றும் மிச்சமில்லை. முதல் வார்த்தையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது.

கடைக்காரம்மா விரல்களை ஒவ்வொன்றாக நிதானமாக வழித்துச் சுவைத்தார்.

"உங்க அண்ணன் பொண்ணு உங்களைவிட வேகம்தான்" என்றார். "சரி. இப்பவே கேட்டுடறேன். இதைத் தவிர வேற ஏதாவது கழட்டி வைக்கிற மாதிரி இருக்கா?"

சித்தப்பா இல்லை என்று தலையசைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்து, ஒட்டும் விரலால் தலையைத் தொட்டு ஏதோ சொன்னார்.

"முடி அவரோடதுதானாம். சாயம் மட்டும்தானாம்" என்றேன்.

"அது எனக்கு முதல் கோட்டுலயே தெரியும். காலர்ல இறங்கியிருந்துச்சு, நாலு தடவை தேய்ச்சும் போகலை." நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சம்மதம்" என்றார், ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே பல் இல்லாதது நினைவுக்கு வந்து, குழம்புக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். கடைக்காரம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"எடுங்க கையை. பாத்தாச்சு."